மூளை ஓட்டும் ராக்கெட்

நண்பர் போனில் கேட்டார்: "சார், லண்டன்ல வீடியோ கேம் ஆட வெச்சே மண்டைக்குள்ள கேக்கற குரலை நிறுத்திட்டாங்களாமே! என் தம்பிக்கு மாத்திரையை விட்டுடலாமா?"

"முதல்ல இன்னிக்கு மாத்திரையைக் கொடுங்க. அப்புறம் பேசலாம்" என்றேன்.

அவர் கேள்விப்பட்டது, கிங்ஸ் காலேஜ் லண்டனின் நடாஷா ஓர்லோவும் சகாக்களும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு. ஸ்கிஸோஃப்ரினியாவில் பலருக்கு, பக்கத்தில் யாரும் இல்லாமலேயே திட்டும், மிரட்டும் குரல்கள் கேட்கும். மருந்துக்கு மசியாத குரல்களும் உண்டு. இந்த உபத்திரவம் உள்ள 12 பேரை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். எதிரே திரையில் ஒரு ராக்கெட். ஜாய்ஸ்டிக் கிடையாது. பேச்சைக் கேட்கும்போது சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதியை மெஷின் கவனிக்கிறது. அது அடங்கினால் ராக்கெட் தரையிறங்கும். எப்படி அடக்குவது என்று சொல்லித்தர மாட்டார்கள். அவரவர் சாமர்த்தியம். மெஷின் பார்ப்பது ரத்த ஓட்டத்தைத்தான், எண்ணத்தை அல்ல. எண்ணத்துக்குச் சில விநாடி பின்னால்தான் ரத்தம் வந்து சேரும். அப்படியிருந்தும் நாலு முறை வந்துபோனதில் கற்றுக்கொண்டார்கள். குரல்களைச் சமாளிக்க உதவியது என்று சிலர் சொன்னார்கள்.

பிரமாதமான ஐடியா. சந்தேகமில்லை. ஆனால், குறைத்தது ராக்கெட்டா, நாலு தடவை அக்கறையாக விசாரித்த டாக்டர்களா? இன்னும் 12 பேருக்கு வேறு யாருடைய மூளையோ ஓட்டும் ராக்கெட்டைக் காட்டி ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். இந்த ஆய்வில் ஒப்பிட ஆளில்லை. இது முன்னோட்டம்தான் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். தலைப்புச் செய்திகளில் அந்த வரி வருவதில்லை.

ஒப்பீடு எத்தனை முக்கியம் என்பதற்கு அதே காலேஜில் உதாரணம் இருக்கிறது. 'அவதார்' சிகிச்சையில், மிரட்டும் குரலுக்கு நோயாளியே கம்ப்யூட்டரில் ஒரு முகம் கொடுக்கிறார். டாக்டர் அதன் வழியே பேச, நோயாளி எதிர்த்துப் பேசப் பழகுகிறார். 150 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதையும் மறுபாதிக்கு ஆதரவான ஆலோசனையையும் கொடுத்தார்கள். 12 வாரத்தில் அவதார் ஜெயித்தது. 24 வாரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை! பரிவோடு பேசுவதும் ஒரு மருந்து போலிருக்கிறது. ஒப்பிடாமல் இருந்திருந்தால் முழுப் பெருமையும் கம்ப்யூட்டருக்கே போயிருக்கும்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்க என்னதான் சார் பண்றது?" என்றார்.

"மாத்திரையை டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க. தம்பிகிட்ட அந்தக் குரல் என்ன சொல்லுதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

பதில் வரச் சற்று நேரமாயிற்று.