பழசுக்கு விலை, புதுசுக்கு வழக்கு

லண்டன் ஏலக்கூடத்தில் பழைய விண்டேஜ் போர்ட் மதுவை வாங்குகிறவர் பெரும்பாலும் அதை ருசி பார்த்து வாங்குவதில்லை. சீசாவின் கழுத்தில் மது எந்த மட்டத்தில் நிற்கிறது, தக்கை கசிந்திருக்கிறதா, இத்தனை காலம் எந்த நிலவறையில் கிடந்தது என்று வாசிக்கிறார். விலைபோவது பானம் மட்டுமல்ல, ஒரு பிரதியும்தான். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு, அறுவடை ஆண்டு, தயாரித்த நிறுவனம் எல்லாம் பெயரோடு எழுதப்பட்ட பிரதி.

இதைத் திருச்செந்தூர்ப் பனங்காட்டில் நின்று வாசித்துப் பார்க்கலாம். போர்ட்டில் நொதித்தலைப் பாதியில் நிறுத்தத் திராட்சைச் சாராயம் ஊற்றுகிறார்கள், இனிப்பு தங்கிவிடுகிறது. இங்கே கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். இரண்டும் நொதித்தலை மறிக்கத் தெரிந்த கைப்பக்குவம்தான். ஆனால் அங்கே சீசாவுக்குள் முப்பது வருசம் கிடந்தால் காலம் மூலதனமாகிறது. கள்ளுக்கு அந்த வசதி கிடையாது. காலைல எறக்கினது பொழுது சாயறதுக்குள்ள புளிச்சிரும்.

நம்மிடமும் ஏலம் இருந்தது. வெள்ளைக்காரனின் அப்காரி முறையில் விலை கூறப்பட்டது கடைக்கு, அதாவது விற்கும் உரிமைக்கு. ஏறினவனின் பக்குவத்துக்கு அல்ல. 1987 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு தடவாத கை அன்றிலிருந்து குற்றவாளியின் கை. சீமைச் சரக்குக்கோ அரசாங்கமே கடை திறந்து வைத்திருக்கிறது.

2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். ஊருக்குப் பெயர் வந்தது, பண்டத்துக்கும் வந்தது. போர்ட் சீசாவைப் 'பாரம்பரியம்' என்றும் கள்ளுக் கலயத்தைப் 'போதை' என்றும் பிரித்துச் சொல்கிற சொல்லாடல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை யார் ஏலம் எடுத்தார்கள்?