பதில் சொல்ல அழைக்கப்பட்டவர்கள்

காவிரிக் கழிமுகத்து நாகப்பட்டினத்தில் பிறந்த மறைமலை அடிகள் 1911ஆம் ஆண்டில் 'மரணத்தின் பின் மனிதர் நிலை' என்னும் நூலை வெளியிட்டார். பின்னாளில் அறிதுயில், மனக்கவர்ச்சி, தொலைவிலுணர்தல் ஆகியவை பற்றியும் எழுதினார். சைவ சித்தாந்தத்தில் தோய்ந்த ஓர் அறிஞர் இத்துறைகளில் கருத்தைச் செலுத்தியதில் வியப்பில்லை. இறப்புக்குப் பின் உயிர் வாழ்கிறதா என்னும் வினாவுக்குச் சோதனை வழியாகவும் விடை காணலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் பல நாடுகளில் பரவியிருந்தது. அவ்வெண்ணத்தை எளிய மக்களிடம் கொண்டு சென்றது ஆவியுலகக் கொள்கை.

அதன் பிறப்பிடம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூராகிய ஹைட்ஸ்வில். 1848 மார்ச் 31 அன்று மேகி, கேட் ஃபாக்ஸ் என்னும் இளம் சகோதரியரின் வீட்டில், கேட்ட கேள்விகளுக்குத் தட்டலோசை விடையளித்ததாம். குறிகளால் செய்தி அனுப்பும் மோர்ஸ் தந்தி அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன் இயங்கத் தொடங்கியிருந்தது. இவ்வியக்கத்தின் தொடக்ககால இதழொன்று 'ஆவித் தந்தி' என்றே பெயர் பூண்டது! ஆன்மா தன் ஆளுமையோடு நிலைத்திருக்கிறது. 'மீடியம்' எனப்படும் இடையாளர் வழியே பேசுகிறது. மறுமையிலும் வளர்ந்துகொண்டே செல்கிறது. முடிவில்லாத் தண்டனை என்பது இல்லை. கொள்கையின் சாரம் இவ்வளவே. பிரான்சில் அலன் கார்டெக் 1857இல் இதனோடு மறுபிறவியையும் சேர்த்தார்.

சென்னைக்கு இது உருமாறி வந்தது. பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் முதலில் சந்தித்ததே, 1874இல் ஆவிகள் தோன்றுவதாகச் சொல்லப்பட்ட வெர்மான்ட் பண்ணை வீடொன்றில்தான். அவர்களது பிரம்மஞான சபை 1882இன் இறுதியில் அடையாற்றுக்கு வந்தது. இறந்தோரின் இடத்தில் அங்கே மகாத்மாக்கள் அமர்ந்தனர். அவர்களுடைய கடிதங்கள் மாடப்பேழையில் தோன்றின. 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் இதழ், சபையில் பணியாற்றிய கூலோம் அம்மையார் தந்த கடிதங்களை வெளியிட்டு இவையனைத்தும் ஏற்பாடு என்றது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மறைமலை அடிகள் தமிழாசிரியராகச் சேர்ந்தது அதே கல்லூரியில்தான்.

மோசடியை மெய்ப்பித்துவிட்டால் விமரிசனம் முடிந்தது என்று கருதுவோர் பலர். மூட்டுகளைச் சொடுக்கியே ஓசை எழுப்பியதாக மேகி 1888இல் மேடையேறி ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அதை மறுத்தார். மேசையில் கை வைத்தோர் தம்மையறியாமலே அதைத் தள்ளுகின்றனர் என்று ஃபாரடே 1853லேயே சோதித்துக் காட்டியிருந்தார். ஆயினும் இயக்கம் சாகவில்லை. அதற்குக் காரணம் ஏமாளித்தனம் அன்று, துக்கம். முதல் உலகப் போரில் மகனை இழந்த இயற்பியலறிஞர் ஆலிவர் லாட்ஜ், மகன் பேசியதாக நம்பியவற்றை 1916இல் நூலாக்கினார். மறுவுலகில் சுருட்டு செய்து தருகிறார்கள் என்ற செய்தியும் அதில் உண்டு. நகைத்தவர்கள் ஏராளம். 2004 டிசம்பர் 26க்குப் பின் நாகை மாவட்டத்தைக் கண்டவர்க்கு நகைக்கத் தோன்றாது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அக்கரையில், ஒரே ஒரு சொல் கேட்டால் போதும் என்று ஏங்கிய தாய்மார் எத்தனை பேர்!

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆவி மேசையின்முன் அமர்பவர் இறந்தவரிடம் கேட்கிறார். அவர் விடை சொல்லியாக வேண்டும், தம்மை மெய்ப்பித்தாக வேண்டும். ஏந்தோருக்கு மாறுவேடத்தில் சென்ற சவுலும் சாமுவேலுக்காக அழப் போகவில்லை, போரில் தான் செய்ய வேண்டியதை அறியவே போனான். திருஅவை 1917இல் இத்தகைய கூட்டங்களுக்குச் செல்வதைத் தடை செய்தபோது, வெறும் பார்வையாளராக இருப்பதையும் விலக்கியது. அது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இறந்தோரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் உரிமை நமக்கு ஏது?

நம் வட்டாரத்தின் பழக்கம் இதற்கு நேர்மாறானது. ஆடி அமாவாசையன்று திருவையாற்றுப் படித்துறையில் எள்ளும் நீரும் இறைப்பவர் முன்னோரிடம் மறுமொழி எதிர்பார்த்து நிற்பதில்லை. நவம்பர் 2ஆம் நாள், அடைமழைக் காலத்தின் ஈரத்தில், கல்லறையின் புல்லைச் செதுக்கி மெழுகுவர்த்தி ஏற்றும் நாமும் அப்படித்தான். அவர்களுக்காக மன்றாடுகிறோம், அடையாளம் தெரியாமல் ஒரே குழியில் புதைக்கப்பட்ட ஆழிப்பேரலை மக்களையும் அம்மன்றாட்டில் சேர்த்துக்கொள்கிறோம். ஆவி மேசையில் அவர்களுக்காக அமர்பவர் அரிது.