சந்தையும் வெள்ளிச் சுரங்கமும்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை (1894) அதன் கம்பநடைக்காகவே போற்றி நின்றுவிடுகிறோம். அந்நூல் தழுவிய ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ (1678) எழுப்பும் வினாவும் கருதத்தக்கது.

மாயச் சந்தையில் ‘உண்மையுள்ளோன்’ எரித்துக் கொல்லப்படுகிறான். உலகப் பற்றை வென்ற உச்சக்காட்சியாக இதனைக் கொள்வர். எனினும் அங்கே பயணிகளிடம் வாங்கும் ஆசை எழவேயில்லை. எழாத ஆசையை வெல்வது எங்ஙனம்? உரிமமின்றிப் போதித்தமைக்காகச் சுமார் 12 ஆண்டுகள் சிறையிருந்த பனியன் அக்காட்சியில் தீட்டியது துன்புறுத்தலையே.

உலகின் ஈர்ப்பு, சந்தையைக் கடந்தபின் எதிர்ப்படும் வெள்ளிச் சுரங்கத்தில்தான் உள்ளது. அங்கே கூண்டில்லை, நீதிமன்றமில்லை, அழைப்பு மட்டுமே. அதனைப் பார்த்துவர விழைபவன் ‘நம்பிக்கையாளன்’. உண்மையுள்ளோன் பட்ட பாட்டைக் கண்டு மனம் மாறிப் பயணத்தில் இணைந்தவன்! துணைவன் தடுத்திராவிடில் சென்றே இருப்பான். நூலின் மிகக் கூரிய இவ்விடத்தைப் பனியன் சில வரிகளில் கடந்துவிடுகிறார்.