எடுத்த கையே விடட்டும்
இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் லிப்கர்ல் நூலகத்தில் கர்ல்_ஃப்ரீ என்றொரு குட்டி ஃபங்ஷன் உண்டு; ஆரவாரமே இல்லாத கைவேலை. இணைய முகவரிக்குள் வரும் இடைவெளியை அதே நூலகத்தின் கர்ல்_ஈஸி_எஸ்கேப் '%20' ஆக்கும். ஒரு எழுத்து மூன்றாக விரியலாம். எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது அந்த ஃபங்ஷனுக்குத்தான் தெரியும் என்பதால் மெமரியையும் அதுவே எடுத்துத் தருகிறது. அந்த மெமரியைத் திருப்பித் தரும் வாசல்தான் கர்ல்_ஃப்ரீ. சி மொழியின் வெறும் ஃப்ரீ போதாதா என்று லினக்ஸில் பழகியவர் கேட்பார். அங்கே புரோகிராமும் நூலகமும் பெரும்பாலும் ஒரே சி நூலகத்தைப் பகிர்வதால் காரியம் நடந்துவிடும். விண்டோஸிலோ ஒவ்வொரு டிஎல்எல்லும் தனக்கென ஒரு சி ரன்டைமையும், ஹீப் எனும் மெமரிக் கிடங்கையும் வைத்திருக்கலாம். ஒன்றில் எடுத்ததை மற்றொன்றில் விட்டால் ஹீப் கெடும், பாதிப்போ சம்பந்தமில்லாத வேறெங்கோ, சாவகாசமாகத் தலைகாட்டும். அழைப்பவரே இடம் கொடுத்துவிட்டால் இந்த வம்பே இல்லையே? நியாயம்தான், ஆனால் அளவைக் கணக்கிடும் பாடு அவர் தலையில் விழும். அதற்கு கர்ல்_ஃப்ரீயை அழைக்கும் இந்த ஒற்றை வரி எவ்வளவோ மேல்.