ஸ்டிக்கர் போன இடத்துப் பசை

காரில் ஸ்டிக்கரை உரித்த பின் நிற்கும் பசையை, பெயின்ட்டில் ஒரு கோடும் விழாமல் எடுப்பது பொறுமைக்காரர்களின் கலை. ஆலையில் அடித்த பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான்; இரண்டு தலைமுடியின் கனம். பளபளப்பைத் தரும் கிளியர் கோட் அதில் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். பழகிய கை அதை மறப்பதில்லை.

உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தில் இந்த வேலை இன்னும் நுட்பமாகிறது. சுற்றிலும் கல்குவாரிகள், கிரஷர்கள். ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் போகும் சாலை. பசை எங்கே திறந்திருந்தாலும் கல்தூள் வந்து அப்பிக்கொள்ளும். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் கிளியர் கோட்டைவிட மிகக் கடினமானது; அப்படியே துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட கதைதான். ஆகவே முதலில் ஷாம்புத் தண்ணீர். தூள் தானாக வழிந்து இறங்கட்டும்.

ஸ்டிக்கரின் மிச்சம் இருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் போட்டு வைப்பார்கள். சூட்டில் பசை இளகும். ஓரத்தை நகத்தால் கிளப்பி, வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல மடக்கி உரிக்க வேண்டும். பிளேடு பக்கமே போகக் கூடாது; பழைய ஏடிஎம் கார்டு போதும். 

பசையைக் கரைக்கப் பலரும் எடுப்பது மண்ணெண்ணெய். அதைவிட அருமையானது நீலகிரித் தைலம். 1843இல் நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து வடிக்கும் இந்தத் தைலத்தில் உள்ள சினியோல் என்ற பொருள், பிசுபிசுப்பை நன்றாகக் கரைக்கும். தையலும் பொத்தானும் இல்லாத பனியன் வேஸ்ட்டைத் தைலத்தில் நனைத்துப் பசைமேல் படிய வைத்துவிட்டுச் சில நிமிடம் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே இதில் பெரிய திறமை. பசை வெளுத்து உப்பும். பிறகு கட்டைவிரலால் ஒரே திசையில் தள்ளினால் திரிதிரியாக உருண்டு வரும். பார்க்கவே மனம் நிறையும் காட்சி அது. வராத இடத்தில் அழுத்தாமல் மறுபடி நனைப்பவரே தேர்ந்தவர்.

தின்னர் வேகமாக வேலை செய்யும். ஆனால் பட்டி பார்த்து என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்த பழைய காரில் பசையோடு நிறமும் துணிக்கு வந்துவிடும். அத்தகைய வண்டியில் தைலத்தைக்கூட முதலில் கதவின் உள்விளிம்பில் ஒரு துளி வைத்துப் பார்ப்பது நல்லது.

கடைசியில் ஷாம்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, புறங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். எங்கும் இழுக்காமல் வழுக்கினால் பசை போய்விட்டது. அப்போதும் எழுத்து நிழலாகத் தெரிந்தால், அது ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாமல் மங்காதிருந்த நிறம். சுற்றியுள்ள இடத்தில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு லேசாகப் பாலிஷ் செய்தால் வேறுபாடு குறையும். தைலத்தோடு பழைய வேக்ஸும் போயிருக்கும் என்பதால், அந்த இடத்தில் புதிதாக ஒரு பூச்சு வேக்ஸ் போட்டு முடிப்பார்கள்.