கடாரத்துக் கோயிற் கற்கள் கப்பலில் வந்தனவா?

விழா மலர்களிலும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் ஆண்டுதோறும் தலைகாட்டும் கூற்றொன்று உண்டு. கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கிற் காணப்படும் பழங்கோயில்களின் கற்கள் சோழநாட்டிலிருந்து மரக்கலங்களில் ஏற்றிவரப்பட்டன என்பதே அது. சொல்வோர் குரலிற் பெருமிதம் இருக்கிறது, கேட்போர் கைதட்டுகின்றனர். சான்று யாது என வினவுவார் இலர். மாணவனோ அதனை அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்டு போகிறான்.

முதற்கண் இடத்தை நோக்குக. பள்ளத்தாக்கின் வடக்கே ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்பது ஜெராய் மலை. கடலிலிருந்து வருவோர்க்கு நெடுந்தொலைவிலேயே கரையை அறிவித்த மலை அது. அம்மலையிற் கருங்கல் உண்டு. அதன் அடிவாரத்தில், மெர்போக் கெச்சில் ஆற்றங்கரையில் நிற்பதே பூக்கிட் பத்து பாகாட் சண்டி. மலாய் மொழியில் ‘பத்து பாகாட்’ என்றால் உளியால் செதுக்கிய கல். ஜொகூரில் ஓர் ஊருக்கும் இப்பெயர் உண்டு. அது வேறு கதை. இங்கே ஆற்றிற் கிடப்பனவும் கருங்கற்கள். கோயிற் சுவரில் அடுக்கப்பட்டிருப்பனவும் கருங்கற்கள். வாசலில் மலை நிற்க, கல்லுக்குக் கடல் கடந்தவர் யாவர்?

இனி மறுகரையை நோக்குக. தஞ்சை ஆற்றுவண்டல் நிலம். அங்கே பாறை இல்லை. பெரிய கோயிலுக்குரிய கற்களே ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, புதுக்கோட்டை வட்டாரப் பாறைகளிலிருந்து கொணரப்பட்டன என்பர் ஆராய்ச்சியாளர். சோழர் துறைமுகமாகிய நாகப்பட்டினமும் மணலும் வண்டலும் சேர்ந்த கரைதான். எனவே கடாரத்துக்குக் கல் அனுப்புவதாயின், உள்நாட்டிற் பாறையை வெட்டி, வண்டியில் நாகைக்கு இழுத்து, கலத்தில் ஏற்றி, 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைக் கடந்து, கருங்கல் உள்ள ஒரு மலையின் அடியிற் கொண்டுபோய் இறக்கியிருத்தல் வேண்டும். இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பாடும் மெய்க்கீர்த்தி கடாரத்தைக் குறிக்கிறது. கல் ஏற்றுமதியைக் குறிக்கவில்லை.

கல் கப்பலேறுவதே இல்லையா எனின், ஏறும். சிங்கப்பூரில் 1839-க்கும் 1842-க்கும் இடையே எழுந்த தியான் ஹொக் கெங் கோயிலின் கருங்கல் தூண்கள் சீனத்திலிருந்து வந்தவை. தமிழகத்துக் கல்லும் கடல் கடந்திருக்கிறது. கல்கத்தாவில் ஆங்கிலக் கும்பினி அலுவலர் ஜாப் சார்னக்கின் கல்லறைமீது கிடக்கும் பலகைக் கல் சென்னைப் பக்கத்துப் பாறை. அதன் கனிமக் கூட்டைக் கண்டே தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார் அவ்வகைப் பாறைக்குச் ‘சார்னக்கைட்’ எனப் பெயரிட்டார். வங்காளத்து மண்ணிற் கிடந்தாலும் அக்கல் தன் ஊரைச் சொல்லிவிட்டது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்பெருக்கியின்கீழ் வைத்தால், இரு கருங்கற்கள் ஒரே மலையினவா, வேறு மலையினவா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கண்ணால் மட்டும் பார்ப்பவர்க்கோ எல்லாக் கருங்கல்லும் கருங்கல்லே.

பள்ளத்தாக்கின் எல்லாச் சண்டிகளும் கருங்கல்லாலானவை அல்ல என்பதை மேடைப் பேச்சாளர் மறந்துவிடுகின்றனர். பல செங்கற் கட்டடங்கள். சில செம்புறைக்கல்லால் ஆனவை. செம்புறைக்கல் மண்ணுக்குள் இருக்கும்போது வெட்டுவதற்கு மென்மையாக இருக்கும். வெட்டியெடுத்துக் காற்றில் உலரவிட்டால் இறுகும். மலாக்காவிற் போர்த்துகீசியர் எழுப்பிய கோட்டையின் எஞ்சிய வாயிலும் இவ்வினக் கல்லே. செங்கற்களைப் பொறுத்தவரை ஊகத்துக்கு இடமில்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அவற்றின் கனிம, தனிமக் கூறுகளை எக்ஸ் கதிர் கொண்டு ஆய்ந்து, அவ்வட்டாரத்து ஆற்றுக் களிமண்ணோடு ஒப்பிட்டு, உள்ளூர் மண்ணிற் செய்தவை எனக் கண்டிருக்கின்றனர். செங்கல்லுக்கு உள்ளூர் மண், கருங்கல்லுக்கு மட்டும் சோழநாட்டுப் பாறை என்பது பொருந்துமா?

இப்பிழைக்குத் தமிழர் மட்டும் பொறுப்பாளர் அல்லர். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் இங்கு அகழ்ந்த குவாரிட்ச் வேல்ஸ், 1940-இல் வெளியிட்ட தம் அறிக்கைக்கு இந்தியக் குடியேற்றம் என்னும் கருத்தையே தலைப்பாக்கினார். வந்தவர் கட்டினர், இருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தனர் என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. காலனி ஆட்சிக்காலத்துச் சிந்தனை அது. அதையே தமிழ்ப் பெருமை என்று எடுத்து ஆள்வது இரங்கத்தக்கது.

கல்லின் ஊர் வேறு. கட்டடத்தின் மரபு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே குழப்பத்தின் வேர். பத்து பாகாட் கோயிலின் தரையமைப்பைப் பாருங்கள். கருவறை மேல் எழுந்த விமானப் பகுதி ஒன்று. அதன் முன் மண்டபம் ஒன்று. தமிழகக் கோயிலைக் கண்டவர்க்கு இது புதிதன்று. ஆனால் மண்டபத்திற் கல்தூண்கள் இல்லை. குழிவெட்டிய கல் ஆதாரங்களே உள. அவற்றில் மரத்தூண் நாட்டி, மரத்தாலான கூரையைத் தாங்கவைத்தனர் என்பதே 1959, 1960-இல் அக்கோயிலைச் சீரமைத்த அலஸ்டர் லேம்பின் முடிபு. கல் குறைந்ததனாலன்று, காட்டில் நன்மரம் மிகுந்ததனால் அவ்வாறு செய்திருக்கலாம். சைவ மரபு கடல் கடந்து வந்தது; கல்லும் மரமும் இங்கிருந்தன; வெட்டிய கைகளிற் பல இவ்வூர்க் கைகளே ஆகலாம். இதனால் தமிழர்க்கு இழுக்கு யாது? எதிர்த்திசையிலும் இதுவே நடந்தது. கடாரத்து வேந்தன் நாகையில் சூடாமணி விகாரம் எழுப்பினான்; இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தை அளித்தான் என லெய்டன் செப்பேடு கூறுகிறது. ஜெராய் மலைக் கல்லை அவன் நாகைக்கு அனுப்பினான் என்று எவரும் சொல்வதில்லை. அவ்விகாரத்தோடு தொடர்புபடுத்தப்பட்டு 1867 வரை அங்கு நின்ற கோபுரமும் செங்கற் கட்டடமே.

அருங்காட்சியகத்தாரையும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பெண்டியாட், பெங்காலான் பூஜாங் முதலிய இடங்களிலிருந்த சண்டிகள் பெயர்த்தெடுக்கப்பட்டு மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் மீண்டும் அடுக்கப்பட்டுள்ளன. காப்பாற்றும் நோக்கம் நல்லதே. காப்பாற்றாது விட்டால் நேர்வதை 2013-இல் 11-ஆம் எண் சண்டி காட்டிவிட்டது. நில மேம்பாட்டு வேலையில் அது இடிபட்டு அழிந்தது. எனினும் இடம்பெயர்ந்த கட்டடத்தின் அருகே அதன் மண்ணும் ஆறும் இல்லை. எந்தக் களிமண்ணில் அச்செங்கல் அறுக்கப்பட்டது என்பதை ஒரு சிறு பலகையேனும் சொல்லலாம்.

பத்து பாகாட் மட்டும் தன் பழைய இடத்திலேயே நிற்கிறது. அங்கே மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், கோயிலைச் சுற்றிக்காட்டிய பின் சில அடி இறங்கி ஆற்றுப் பாறைகளையும் காட்டலாம். சுவர்க் கல்லையும் ஆற்றுக் கல்லையும் மாறிமாறித் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரம் போதும்.