வராகனை ரூபாயாக்கும் கணக்கு: பூந்தமல்லி வட்டார வரலாற்றெழுத்தில் ஒரு சிக்கல்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டார வரலாற்றை எழுதுவோர் பழைய வரித்தொகைகளைக் குறிப்பிடும்போது, அருகே அடைப்புக்குறிக்குள் இன்றைய ரூபாய் மதிப்பையும் தருவதுண்டு. வராகன் பொற்காசு, அதன் எடையை இன்றைய பொன்விலையால் பெருக்கினால் போதும் என்பது இதன் அடிப்படை. இந்த எளிமை மூல ஆவணத்தின் கணக்கையே மறைத்துவிடுகிறது.

பூந்தமல்லி உள்ளிட்ட செங்கற்பட்டு ஜாகீர் 1763இல் ஆற்காட்டு நவாபால் கம்பெனிக்கு வழங்கப்பட்டது. 1767 முதல் 1774 வரை பர்னார்டு நடத்திய அளவீட்டையொட்டிய ஊர்க்கணக்குகள் தமிழ் ஓலைகளிலும் எஞ்சியுள்ளன. 1818க்கு முன்னர் வழங்கிய கம்பெனிக் கணக்கில் 1 வராகன் 42 பணம். 1 பணம் 80 காசு. கடைத்தெருவில் வராகனுக்குரிய பணம் ஏறி இறங்கியது வேறு செய்தி. இங்கு நோக்கத்தக்கது 80 என்னும் எண். தமிழ்க் கீழ்வாயிலக்கத்தில் காணி என்பது 1/80. ஆகவே பணத்தில் ஒரு காணியே காசு. கம்பெனி 1803இல் வெளியிட்ட 1, 5, 10, 20 காசுச் செப்பு நாணயங்கள் முறையே பணத்தின் காணி, மாகாணி, அரைக்கால், கால் ஆகின்றன. முந்திரி (1/320) கால் காசு. ‘அரைக்கால் பணம்’ என்பதை 0.125 என மாற்றி, பின் 0.13 எனச் சுருக்கும் பதிப்பில் 10 காசு 10.4 காசாகிவிடுகிறது, அப்படியொரு தொகையை எந்த ஊர்க்கணக்கரும் எழுதியிருக்க இயலாது.

பொன்வழிக் கணக்கும் உறுதியானதன்று. நட்சத்திர வராகனில் இருந்த தூய பொன் ஏறத்தாழ 2.7 கிராம். 1818இல் வெள்ளி ரூபாய் அளவையானபோது 1 வராகனுக்கு 3½ ரூபாய் என வகுக்கப்பட்டது. அதாவது ஏறத்தாழ 37.4 கிராம் தூய வெள்ளி. இன்று ஒரு கிராம் பொன் 80 கிராம் வெள்ளிக்கு ஈடெனக் கொண்டால், பொன்வழி விடை வெள்ளிவழி விடையைப் போல் ஏறத்தாழ 6 மடங்காகும். இரண்டில் எதனை அடைப்புக்குறிக்குள் இடுவது? 1807 முதல் கம்பெனி அரை வராகன், கால் வராகன் நாணயங்களை வெள்ளியிலேயே அச்சிட்டது. வராகன் ஒரு கணக்கலகாகவும் வழங்கியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சேகரிப்போர் சந்தை விலையைச் சான்றாகக் காட்டுவது இன்னும் பிழை. சென்னைக்கெனச் சோஹோ நாணயச்சாலையில் அச்சிட்ட 1808ஆம் ஆண்டுச் செப்புக்காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மீட்கப்பட்ட அக்காசுகள் இன்று பெருமளவில் விற்பனைக்கு வருகின்றன. சென்னைக் கடைத்தெருவில் ஒருநாளும் கைமாறாத காசுகள் அவை! அவற்றின் விலை மீட்பின் அளவையும் காசின் நிலையையும் காட்டும். அக்காலக் காசின் வாங்கும் ஆற்றலைக் காட்டாது.

வரித்தொகையை மதிப்பிட விரும்புவோர் அதே ஊரின், அதே ஆண்டின் நெல்விலையையும் விளைச்சலில் வரியின் பங்கையும் தேடுவதே பொருத்தம். அவை கிடைக்காதவிடத்துத் தொகையை வராகன், பணம், காசு என்ற அளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.